இரண்டு ஜெனரேட்டர், ஒரே நடை

செட்டிநாட்டுப் பக்கம் சினிமா ஷூட்டிங் என்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். கோட்டையூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எந்த ஊராக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். பெரிய வீட்டு முகப்புக்கு எதிரே நடிகருக்கான கேரவன். கொஞ்சம் தள்ளி உறுமிக்கொண்டு நிற்கும் ஜெனரேட்டர் வண்டி. கேரவனுக்குள் ஏ.சி., ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் உண்டு. வீட்டுக்காரருக்குக் கரண்ட் இல்லாவிட்டாலும் கேரவனுக்கு உண்டு!

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஒரு சந்தேகம் வரலாம். ஒரு ஜெனரேட்டர் பத்தவில்லை என்றால் இன்னொன்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் போதாதா? அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன இணைப்புக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

இரண்டு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டுக் கூட்டுவியாபாரம் ஆரம்பித்தால் முதல் இரண்டு லட்சம். மின்சாரத்தில் இந்தக் கணக்கு நேரடியாகச் செல்லாது. நம் வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. இரண்டு ஜெனரேட்டர்களை இணைக்க வேண்டுமானால் இரண்டின் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும், வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். அது போதாது. ஒன்று ஏறும்போது மற்றதும் ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் இழுத்தால் வண்டி நகராது, நுகத்தடிதான் முறியும். ஜெனரேட்டரில் காயில் கருகும். பெரிய இயந்திரமாக இருந்தால் தண்டே முறுக்கிக்கொள்ளும்.

இதை முதலில் கவனித்தவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த ஹென்றி வைல்ட். இணைத்து ஓடவிட்ட இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே நடையில் ஓடுவதை அவர் 1868-ல் எழுதிவைத்தார். அன்றைக்கு அதன் அருமை பெரிதாக உணரப்படவில்லை. 1883-ல் ஜான் ஹாப்கின்சன் அதன் கணக்கை விளக்கிச் சொன்னார். அடுத்த வருடம் சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கத்தில் இருந்த இயந்திரங்களை வைத்துச் சோதனையும் நடந்தது. முந்துகிற இயந்திரம் அதிகச் சுமையை ஏற்று வேகம் குறையும், பின்தங்குவது சுமை குறைந்து வேகம் கூடும். ஒரு முறை சரியாகச் சேர்த்துவிட்டால் போதும், பிறகு அவை தாமாகவே நடையைக் காத்துக்கொள்ளும். கஷ்டமெல்லாம் சேர்க்கிற அந்த ஒரு கணத்தில்தான்.

அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கப் பழைய பவர் ஹவுஸ்களில் வைத்திருந்த கருவி என்ன தெரியுமா? சாதாரண பல்பு! சுவிட்சின் இரு பக்கமும் பல்பை இணைத்துவிடுவார்கள். நடை மாறியிருந்தால் பல்பு மின்னி மின்னி அணையும். இரண்டும் நெருங்க நெருங்க அந்த மினுக்கல் மெதுவாகும். முழுவதும் இருட்டாகும் அந்த நேரத்தில் சுவிட்சைத் தள்ள வேண்டும். வெளிச்சம் தரும் பவர் ஹவுஸில் இருட்டுக்காகக் காத்திருந்தார்கள்!

நம் மாகாணத்தில் பைக்காரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் மின்சாரம் தரத் தொடங்கின. முதலில் தனித்தனியாக இருந்த இவை பிறகு ஒரே வலையாகப் பின்னப்பட்டன. நீலகிரியில் மழை பெய்யும் காலம் வேறு, பொதிகையில் பெய்யும் காலம் வேறு. ஒரு அணை வற்றும்போது இன்னொன்று கைகொடுக்கும். கூட்டுவியாபாரத்தின் லாபம் இங்கேதான் இருக்கிறது.

இருந்தும் கரண்ட் எல்லோருக்கும் எட்டவில்லை. ஏவி.மெய்யப்பச் செட்டியார் 1945-ல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கியபோது, போர்க்காலத்து மின்தட்டுப்பாட்டால் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க முடியாமல் காரைக்குடிக்கே வந்து கொட்டகை போட்டார். 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். 1948-ல்தான் ஸ்டூடியோ வடபழனிக்குப் போனது. சென்னையில் கிடைக்காத கரண்ட்டைத் தேடிக் காரைக்குடிக்கு வந்த காலமும் இருந்திருக்கிறது!

இப்போது 2012-க்கு வருவோம். தமிழ்நாட்டில் அந்த வருடத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கடைவீதி முழுக்க ஜெனரேட்டர் சத்தமும் புகையும்தான். வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் அங்கேதான் சிக்கல். அப்போது தென்னிந்திய மின்வலை, நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே நடையில் ஓடவில்லை. நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு மீண்டும் மாறுமின்சாரமாக்கிக் கொண்டுவரும் சில வழிகள் மட்டுமே இருந்தன. அவற்றின் கொள்ளளவுக்கு மேல் ஒரு யூனிட்கூட வராது. கையில் காசு இருந்தாலும் சரக்கு ஏற்ற லாரி இல்லாத வியாபாரி நிலைமை.

ஆனால் அதே வருடம் ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே மின்வலை சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டது. தெற்கு தப்பித்தது. காரணம், ஒரே நடையில் சேராததுதான். சேராததால் பட்டினி, சேராததாலேயே தப்பிப்பு, இரண்டும் ஒரே வருடத்தில்! கடைசியில் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் சேர்ந்தது. பட்டினி கிடந்த ஊர் அப்படித்தான் முடிவெடுக்கும்.

கையில் தூக்கிப்போகிற ஜெனரேட்டருக்கு வருவோம். சோனியின் சின்ன டி.வி.க்குக் கரண்ட் கொடுக்க ஹோண்டா செய்து பார்த்த மாதிரிதான் இதன் மூலம். 1965-ல் ஈ300 விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 1985-ல் தொடங்கிய ஷ்ரீராம் ஹோண்டாவின் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களைக் கடைவாசல்களில் பார்த்தவர்கள் ஏராளம். இவற்றில் இரண்டைச் சேர்க்க முடியாது. சுமை ஏறினால் எஞ்சின் வேகம் குறையும், நடை மாறும், பார்த்துச் சேர்க்க பல்பும் இல்லை. அதனால் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் செய்வது பிரித்துப் போடுவது. வளவுக்கு ஒன்று, சீரியல் செட்டுக்கும் சமையற்கட்டுக்கும் ஒன்று. அமெரிக்கக்காரர் இதைக் கேட்டால் சிரிக்கலாம், ஆனால் பாதுகாப்பான வழி அதுதான்.

1990-களின் இறுதிக்குப் பிறகு பரவிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள்தான் கதையை மாற்றின. எஞ்சின் தரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து மின்னணுச் சுற்று புதிதாக அலையை உண்டாக்குகிறது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் அலை மாறாது. இரண்டைக் கேபிளால் இணைத்தால் பின்னால் வருவது முன்னதன் அலையைப் படித்து, அதோடு சேர்ந்துகொள்ளும். பல்பைப் பார்த்து நின்ற ஆளின் வேலையை ஒரு சிப் செய்துவிடுகிறது. ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட்டை ஏ.சி. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் கேட்கும். கேரவன்காரர்களுக்கு இரண்டாவது ஜெனரேட்டர் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த நொடிக்காகத்தான். இணைப்புக்கென்றே செய்யப்பட்ட மாடல்களையும் கேபிளையும் தவிர வேறெதிலும் இதை முயலக் கூடாது. வீட்டு லைனில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் செருகினால் கரண்ட் திரும்பிப் போய்க் கம்பத்தில் நிற்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து.

இப்போது கேரவன்களில் ஜெனரேட்டர் இருந்த இடத்துக்கு லித்தியம் பேட்டரி வந்துகொண்டிருக்கிறது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. பேட்டரி நேர்மின்சாரம் என்பதால் நடைப் பிரச்சினையும் கிடையாது. ஒரே ரகப் பேட்டரியாக, வோல்டேஜ் ஒத்துப்போனால் சேர்ந்துவிடும். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பது காரைக்குடியில். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர், இந்தக் கேரவன் நிற்கிற கோட்டையூர்தான்.