மேல் பருக்கை

தேர்தல் ஜோசியத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு அமெரிக்காவில் 1936-ம் வருஷம் நடந்த கூத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: யார் ஜெயிப்பார் என்பதை அவனே தீர்மானித்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

அந்நாளில் அங்கே 'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு வாரப் பத்திரிகை பெரிய மதிப்போடு விளங்கிற்று. 1920 முதல் 1932 வரை நான்கு ஜனாதிபதித் தேர்தல்களில் வெல்பவர் யாரென்று முன்கூட்டியே சொல்லி, நான்கும் பலித்திருந்தன. 1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றவர் கான்ஸாஸ் கவர்னர் லாண்டன். பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வோட்டுச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. நூற்றுக்கு 57 பேர் லாண்டன் பக்கம் என்று கணக்கு வந்தது.

மேயின் ராஜ்யமும் அதற்குச் சாட்சி சொல்லிற்று. வடகிழக்கு மூலையிலுள்ள அந்தச் சிறு ராஜ்யத்தில் கவர்னர் தேர்தல் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். 'மேயின் போகிற வழியில் தேசம் போகும்' என்று அரசியல்வாதிகள் சொல்வது வழக்கம். அங்கே ஜெயித்தது லாண்டனின் குடியரசுக் கட்சி. இனி என்ன சந்தேகம்?

நவம்பரில் 48 ராஜ்யங்களில் 46 ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தன. தேர்வாளர் வோட்டுகள் 523-க்கு 8. லாண்டனுக்குக் கிடைத்தவை மேயினும் வெர்மாண்டும் மட்டுமே!

இத்தனை லட்சம் பேரைக் கேட்டும் ஏன் இந்தக் கதி? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் அகப்பையை அடிவரை விட்டுக் கிளறிய பிறகுதான் பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். பத்திரிகை தேடிப் பிடித்த விலாசங்களோ பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் மோட்டார் கார் சொந்தக்காரர்களின் ஜாபிதாவிலும் இருந்தவை. அது வேலையின்றி லட்சக்கணக்கானோர் தவித்த காலம். காரும் டெலிபோனும் இல்லாதவனை அந்த ஜாபிதாவில் எங்கே தேடுவது? அவனும் வோட்டர்தான். அவனை யாரும் கேட்கவில்லை; அவனாகவே போய்ப் பெட்டியில் சொல்லிவிட்டு வந்தான். சீட்டு வந்தவர்களிலும் ரூஸ்வெல்ட்டின் மேல் ஆத்திரம் கொண்டவர்களே அக்கறையாய்ப் பூர்த்தி செய்து அனுப்பினார்கள் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கோபத்துக்குத்தான் தபால் பெட்டிவரை நடக்கத் தெம்பு இருக்கிறது போலும்!

அந்தப் பத்திரிகை 1938-ல் மூச்சை நிறுத்திக்கொண்டது.

ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சொல்லிப் பெயர் வாங்கியவர் காலப். மிகக் குறைவான பேரைக் கேட்டாலும் பல தரத்தாரையும் கேட்டவர். அவர் கணக்கிலும் ஐந்து சதவிகிதம் பிசகு இருந்தது. ஜெயித்தவர் பெயர் சரியாக இருந்ததால் ஒருவரும் அதைப் பாராட்டவில்லை. 1948-ல் அவரே ட்ரூமன் தோற்பார் என்று சொல்லிச் சறுக்கினார். கடைசி நாட்களில் ஜனங்கள் மனம் மாறியதைக் கேட்க அவருடைய ஆட்கள் போகவில்லை.

1936-ல் உள்ளதை உள்ளபடி சொன்னவர் ஜேம்ஸ் பார்லி, ரூஸ்வெல்ட்டின் தேர்தல் தளபதி. மேயினையும் வெர்மாண்டையும் தவிர எல்லாம் நமக்கே என்று தேர்தலுக்கு முன்பே எழுதிவிட்டார். ஊர் ஊராகக் கட்சி ஊழியர்களோடு ஓயாமல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த மனிதர். முடிவு வந்தபின் பழைய வசனத்தையும் அவரே திருத்தினார்: 'மேயின் போகிற வழியில் வெர்மாண்ட் போகும்.'

1960 முதல் மேயின்காரர்களும் மற்றவர்களைப் போல் நவம்பரிலேயே எல்லா வோட்டுகளையும் போடலானார்கள். அந்த வருஷம் அவர்கள் நிக்ஸனுக்கு வோட்டளித்தார்கள். ஜெயித்தவர் கென்னடி.