காகிதக் கிரீடமும் 103 கைதிகளும்

போன வருடம் நியூஜெர்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருக்கும் 'மெடீவல் டைம்ஸ்' கோட்டைக்குக் குடும்பத்தோடு போனோம். கோட்டை என்றதும் வேலூர், செஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டை வடிவத்தில் கட்டிய சாப்பாட்டு அரங்கம். ஸ்பெயினின் மயோர்கா தீவில் தொடங்கிய யோசனை இது. அமெரிக்காவில் முதல் கோட்டை 1983-ல் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் வந்தது. வாசலில் ஆளுக்கொரு காகிதக் கிரீடம் தருகிறார்கள். கிரீடம் என்ன நிறமோ, அந்த நிற வீரனுக்காக நீங்கள் தொண்டை கிழியக் கத்தவேண்டும். மணல் அரங்கம், நிஜக் குதிரைகள், ஈட்டி, வாள். நடுவில் சாப்பாடு.

ஸ்பூன் கிடையாது, கையால்தான் சாப்பிடவேண்டும். அங்குள்ளவர்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை. நமக்கு என்ன, தினமும் செய்வதுதானே! தக்காளி சூப், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, கோழி. இதில் முதல் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-ல் கொலம்பஸ் போய்வந்த பிறகுதான் ஐரோப்பாவுக்குப் போயின. கதை நடப்பதாகச் சொல்லும் காலத்தில் அங்கே எந்த ராஜாவும் தக்காளியைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கோழிக்கு மட்டும் ஆட்சேபணை இல்லை.

திரும்பும்போது காரில் பையன் கேட்டான்: "அப்பா, நிஜமாவே ராணிக்காகத்தான் சண்டை போட்டாங்களா?"

அத்தான் சிரித்தார். நான் கொஞ்சம் படித்திருந்ததால் மாட்டிக்கொண்டேன். பெரும்பாலும் பணத்துக்காகத்தான் என்று சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. சரி, முழுசாகவே சொல்லிவிடலாம் என்று வில்லியம் மார்ஷல் கதையை ஆரம்பித்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இங்கிலாந்துக்காரர். 1147 வாக்கில் பிறந்தவர். ஐந்து வயது வாக்கில் அப்பா இவரை ஸ்டீபன் ராஜாவிடம் பிணையாக ஒப்படைத்தார். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், மகனை அடமானம் வைத்தார். பிறகு வாக்கு தவறினார். பையனைத் தூக்கிலிடுவேன் என்று ராஜா மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை என்னால் பெற்றுக்கொள்ள முடியும் என்று அப்பா பதில் அனுப்பினாராம். ராஜாவுக்குத்தான் மனசு வரவில்லை. பையன் பிழைத்தான்.

நாலாவது மகன் என்பதால் நிலபுலன் கிடைக்க வழியில்லை. பிழைப்புக்காகக் கடல் தாண்டி நார்மண்டியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே போர்வீரன் ஆகி முதல் சண்டையில் நன்றாகத்தான் போரிட்டார், ஆனால் யாரையும் பிடித்துப் பணம் வாங்கவில்லை. சொந்தக் குதிரையும் செத்தது. விருந்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். நல்ல மேலங்கியை விற்று ஒரு சாதாரணக் குதிரை வாங்கவேண்டிய நிலைமை. தொழிலின் முதல் பாடம் அது.

அந்தக் காலத்து டோர்னமெண்ட், நாங்கள் பார்த்தது போல ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டம் இல்லை. இரண்டு கட்சியாக நூற்றுக்கணக்கான வீரர்கள், ஊர்களுக்கு நடுவே வயல்வெளி முழுக்க, கிட்டத்தட்ட நிஜப் போர். கொல்வது நோக்கமில்லை. எதிரியைப் பிடிக்கவேண்டும். பிடிபட்டவன் பணம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். குதிரையும் கவசமும் ஜெயித்தவனுக்கு. ஒரு நல்ல போர்க்குதிரையே பெரிய சொத்து.

மார்ஷல் 1170-களில் ரோஜர் என்ற இன்னொரு வீரரோடு கூட்டு சேர்ந்தார். லாபத்தில் இருவருக்கும் பங்கு. பத்து மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்தார்கள். இந்த எண்ணிக்கை எப்படித் தெரியும்? விகேன் என்ற சமையலறைக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருந்தார்! கவிஞர்கள் மானம், வீரம் என்று பாடிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் மூலையில் உட்கார்ந்து வரவு எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

ஒருமுறை மார்ஷலுக்குப் பரிசு தரத் தேடினால் ஆளைக் காணோம். கொல்லன் பட்டறையில், பட்டடைமேல் தலையை வைத்துக்கொண்டிருந்தார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசத்தைக் கொல்லன் நெம்பிக்கொண்டிருந்தான். பரிசு என்ன தெரியுமா? ஒரு பெரிய மீன். பையன் இங்கேதான் முதல்முறையாகச் சிரித்தான்.

திருச்சபைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1130-லேயே தடை போட்டு, இதில் செத்தவனுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றார்கள். தடை நீங்கியது 1316-ல்தான். ஆனால் 1194-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ராஜா செய்ததைப் பாருங்கள். ஐந்து இடங்களை ஒதுக்கி, உரிமக் கட்டணம் வைத்துவிட்டார். ஏர்ல் என்றால் 20 மார்க், பேரன் 10, நிலமுள்ள வீரன் 4, நிலமில்லாதவன் 2. மார்க் ஒன்றுக்கு 160 வெள்ளிக் காசு. யுத்தச் செலவில் இருந்த ராஜாவுக்கு எல்லா வரவும் வேண்டியிருந்தது.

அடமானம் வைக்கப்பட்ட அந்தப் பையன் கடைசியில், 1216-ல், ஒன்பது வயது ராஜாவுக்காக இங்கிலாந்தையே நிர்வகித்தார். 1219-ல் சாகும் தறுவாயில், சம்பாதித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று திருச்சபை சொல்வதைக் கூட இருந்த வீரர் ஒருவர் நினைவுபடுத்தினார். ஐந்நூறு பேரைப் பிடித்திருக்கிறேன், எப்படித் திருப்பிக் கொடுப்பது, அதனால் கதவு சாத்தப்பட்டால் சாத்தப்படட்டும் என்றாராம். இதெல்லாம் அவர் மகன் எழுதச் சொன்ன நீண்ட பிரெஞ்சுக் கவிதையில் இருக்கிறது. மகன் செலவில் எழுதியது என்பதால் நாம் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும்.

அவரைப் புதைத்தது லண்டன் டெம்பிள் தேவாலயத்தில். டெம்ப்ளர் துறவி வீரர்களின் இடம் அது. ஐரோப்பாவில் பணத்தைக் கட்டிவிட்டுப் புனித பூமியில் பெற்றுக்கொள்ளும் வசதி செய்து தந்தவர்கள் அவர்கள்தான். 1941 குண்டுவீச்சில் கூரை எரிந்து விழுந்து, அங்கிருந்த கல் வீரர்கள் பலருக்குப் பலத்த அடி. மார்ஷலுடையது என்று காட்டப்படும் சிலை இன்னும் அங்கே வாளும் கேடயமுமாகப் படுத்திருக்கிறது.