தறிக்குழி முதல் மடிக்கணினி வரை: வீட்டுக்கு வந்த வேலையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் வேலை. 2020 ஊரடங்கில் சாணார்பட்டிக்கு வந்தவள், அன்று முதல் இங்கிருந்தே வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை திண்டுக்கல்லில் டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய் வருவது அவள்தான். இப்போது, அடுத்த மாதம் முதல் தினமும் அலுவலகம் வர வேண்டும் என்று மின்னஞ்சல் வந்துவிட்டது.

"வீட்டிலிருந்து வேலை என்பது கொரோனாவுக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடு, அதற்கு முன்னால் உலகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்கிறார் சார் எங்கள் மேலாளர். நீங்கள் வரலாற்று வாத்தியார், நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நம் மாவட்டத்தையே பார்ப்போம். சின்னாளபட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். நெசவாளர் வீட்டில் முன்னறையே தொழிற்கூடம். தரையில் குழி, குழியில் தறி. கணவர் நெய்வார், மனைவி தார் சுற்றித் தருவார். சுங்குடிச் சேலைக்குத் துணியில் முடிச்சுப் போடும் பெண்கள், அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து போடுவார்கள். நூலும் பாவும் முதலாளி தருவார். நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கி வர வேண்டும். யாரும் மணி அடித்து உள்ளே அனுப்புவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தறியை நிறுத்தலாம், இரவில் உட்கார்ந்து ஈடு கட்டலாம். தொழிற்சாலைச் சங்கு வந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக வீடும் வேலையும் ஒரே கூரைக்கு அடியில்தான் இருந்தன.

முதலாளிக்கும் இதில் லாபம் உண்டு. கொட்டகை கட்ட வேண்டாம், வாடகை தர வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். முதலாளியின் செலவு மிச்சமானது. அந்தச் செலவும் நட்டமும் நெசவாளி தலையில் வந்து இறங்கின. வீட்டு வேலையின் நன்மையும் தீமையும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. வேலை வீட்டுக்கு வரும்போது, மிச்சமாவது யாருக்குப் போய்ச் சேருகிறது?

இந்தக் கேள்வியைக் காந்தியடிகளும் எதிர்கொண்டார். 1925-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தொடங்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் வீட்டில் ராட்டையில் நூற்பார்கள், சங்கம் நூலை வாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்து இயங்கியது. ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைதானே என்று கூலி மிகக் குறைவாகவே இருந்தது. 1935-இல் காந்தி இதை மாற்றச் சொன்னார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா தர வேண்டும் என்பது அவர் விருப்பம். கதர் விலை ஏறும், விற்காது என்று சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. எட்டணாவை எட்ட முடியவில்லை. ஆனாலும், நூற்கிறவர் வயிறு நிறையும்படி கூலி இருக்க வேண்டும் என்ற கொள்கையைச் சங்கம் ஏற்றுக் கூலியை உயர்த்தியது. வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் வேலை வேலைதான் என்பதற்கு அது ஒரு பெரிய ஒப்புதல்.

அடுத்தது பீடி. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை பீடித் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, ஒப்பந்தக்காரர் மூலம் சரக்கு வாங்குகிறோம், அவ்வளவுதான் என்று முதலாளிகள் சொல்லி வந்தார்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்றது. பிறகு வருங்கால வைப்பு நிதி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. "வீட்டில் இருப்பவரை நாங்கள் மேற்பார்வை செய்வதே இல்லையே, அவர் எப்படி எங்கள் ஊழியர் ஆவார்?" என்பதுதான் முதலாளிகளின் வாதம்.

1985-இல் பி.எம். படேல் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றி வந்த பீடியைப் பார்த்து, சரியில்லாததைக் கழிக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது. அந்த உரிமையே மேற்பார்வைதான். ஆகவே அவர்கள் ஊழியர்கள், வைப்பு நிதி உண்டு. பிள்ளைகளே, இதை இரண்டு முறை படியுங்கள். ஆளை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், செய்த வேலையைப் பார்த்தால் போதும் என்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. பீடி சுற்றிய பெண்களுக்காக நம் நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நியாயம் அது.

இனி கணினிக் காலத்துக்கு வருவோம். தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் பெயர் வைத்தது 1973-இல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து, மனிதரை வேலைக்கு அனுப்புவதைவிட வேலையை மனிதரிடம் அனுப்பலாமே என்று யோசித்தவர் அவர்.

இதற்கு நல்ல சோதனை சீனாவில் நடந்தது. சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 டிசம்பரில், விருப்பம் தெரிவித்த தொலைபேசிச் சேவை ஊழியர்களை இரண்டாகப் பிரித்தது. பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வீட்டிலிருந்து வேலை, ஒற்றைப்படை என்றால் அலுவலகம். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நிறுவனத்துக்கு மிச்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனிமை தாங்காமல் பலர் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினார்கள். நன்றாக வேலை செய்தும், கண்ணில் படாததால் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். அதே நிறுவனம் பின்னாளில் 1,612 ஊழியர்களிடம், வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்று சோதித்தது. 2024-இல் அதன் முடிவு வெளியானது. வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பதவி உயர்விலும் பாதிப்பில்லை. வேலை கெடும் என்று முதலில் நினைத்த மேலாளர்களே பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. பீடித் தட்டுகள் நிறைந்த அதே தென்காசிப் பக்கம், மத்தளம்பாறை என்ற கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் 2011-இலேயே அலுவலகம் திறந்தது. கொரோனாவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு! அங்கே வேலை பார்க்கும் பிள்ளை சம்பளத்தில் பாதியைச் சென்னை வாடகைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம் உள்ளூர் மளிகைக் கடையில் செலவாகும்.

நிறுவனங்கள் மனம் மாறுவதும் உண்மைதான். 2025-க்குள் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-இல் அறிவித்த டி.சி.எஸ்., 2023-இல் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. புதியவர்கள் மூத்தவர்களோடு பழகிக் கற்க வேண்டும் என்பது அப்படி அழைப்பவர்கள் சொல்லும் காரணம். ஓர் ஆசிரியனாக அதை என்னால் ஒதுக்க முடியாது. இணையவழி வகுப்பில் முகம் வாடுவது தெரியாது.

என் மாணவிக்கு நான் சொன்னது இது: "எப்போதும் வீடு என்று பிடிவாதம் பிடிக்காதே. மாதம் ஒரு வாரம் பெங்களூரு வருகிறேன், மற்ற நாள் என் வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்று எழுது. இத்தனை ஆண்டுகளில் முடித்துக் கொடுத்ததைப் பட்டியல் போட்டு இணைத்து அனுப்பு." அந்த ஒரு வாரம் அப்பாவைக் கூட்டிப் போக அவள் சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். கடிதம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு தகவல். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்தில், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பின் இருதரப்பு உடன்பாட்டில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி செய்யப்பட்டது. கேட்டுப் பாருங்கள். கட்டாயமில்லை, ஆனால் கேட்க இடம் உண்டு.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள். மகிழ்ச்சி. வாடகையும் மின்சாரமும் உங்களுக்கு மிச்சமானால், ஊழியரின் இணையக் கட்டணத்தையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு அழைக்காதீர்கள். தறிக்குழியில் ஏறிய ஈரத்தை நெசவாளி தலையில் கட்டிய பழைய கணக்கு மறுபடியும் வேண்டாம்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தால், "சும்மாதானே இருக்கே, கொஞ்சம் காய் நறுக்கிக் கொடு" என்று கூப்பிடாதீர்கள். அவள் அலுவலகத்தில் இருக்கிறாள்.

உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
சாணார்பட்டி