ஆவாரையும் கொன்றையும்

சென்ற போகியன்று காப்புக்கட்ட ஒரு கைப்பிடிப் பூவைக் காசு கொடுத்து வாங்கினேன். பூளைப்பூ, வேப்பிலை, நடுவே நாலைந்து ஆவாரம்பூ. சிறுவயதில் இதற்கு யாரும் காசு கொடுத்ததாக நினைவில்லை. நாகமலை அடிவாரம் வரை நடந்தால் மடி நிறையப் பறித்து வரலாம்.

கொன்றைக்கும் அதே மஞ்சள்தான். இரண்டும் பங்காளிகள். 1753-இல் லின்னேயஸ் இரண்டையும் 'காசியா' என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். 1982-இல் இர்வின், பார்னபி என்ற தாவரவியலாளர்கள் செய்த வகைப்பாட்டுக்குப் பின், ஆவாரை 'சென்னா' ஆகிவிட்டது; கொன்றை காசியாவிலேயே தங்கிவிட்டது. பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கொன்றை மரம்; சித்திரை, வைகாசியில் பூ சரம்சரமாகத் தொங்கும், காய் முழநீள உருளை. ஆவாரை புதர், பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும், காய் தட்டை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியலில் இரண்டும் உண்டு. ஆனால் கொன்றை சிவபெருமான் சடைக்குப் போயிற்று. ஆவிரையோ, கலித்தொகையில் மடலேறும் காதலன் பூளையோடும் எருக்கோடும் சூடிக்கொண்ட பூ. ஊர் சிரித்த அந்தப் பூளையும் ஆவிரையும்தான் இன்று நம் வாசலுக்குக் காப்பு!

உழைப்பிலும் ஆவாரைதான் முன்னே நின்றது. 1985 வரை நம் மதுரை மாவட்டத்தோடு இருந்த திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம்பட்டைதான் ஆதாரம். கொன்றைப் பட்டையும் தோலுக்கு உதவும் என்றாலும் மவுசு ஆவாரைக்கே. அதில் பதமான ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னை வழியே கப்பலேறி இங்கிலாந்து வரை போயின. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது; குரோம் உப்பும் வந்தது. ஆவாரம்பட்டையைத் தேடுவார் குறைந்தனர். தரிசில் பட்டை உரித்து விற்றவர்களின் வரும்படியும் அதோடு போயிற்று.

இன்று புதுவீடு கட்டுகிறவர்கள் அழகுக்காக வாசலில் கொன்றை வைக்கிறார்கள். நல்லதுதான். ஆவாரையை யாரும் நடுவதில்லை. அது தானாக வளர்ந்த தரிசுகளோ ஒவ்வொன்றாகப் பிளாட் ஆகின்றன. ஜேசிபி முதலில் வழிப்பது அதைத்தான்.

உங்கள் மனையின் மூலையில் ஓர் ஆவாரஞ்செடி நின்றால் வெட்டாமல் விடுங்கள். தண்ணீர்கூடக் கேட்காது. அடுத்த போகிக்குப் பேரப்பிள்ளைகள் கையால் பறிக்க ஒரு கொத்துப் பூவாவது இருக்கும்.