கடற்கரைக் கோயிலும் கடலுப்பும்



செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தில், பல்லவர் முதலில் பாறையைக் குடைந்து மண்டபங்களையும், செதுக்கி இரதங்களையும் அமைத்தனர். கி.பி. 700ஆம் ஆண்டையொட்டி அரியணை ஏறிய இராசசிம்ம பல்லவனோ, வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கடற்கரைக் கோயிலை எழுப்பினான். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது நின்று வருகிறது. ஆயினும் அதன் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பல முகம் தேய்ந்து காணப்படுகின்றன. அலையும் மணற்காற்றும் அவற்றைத் தேய்த்தன என்பது உண்மையே. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு பகையும் உண்டு, அதுவே உப்பு.

திடம், திரவம், வாயு எனப் பொருள்களின் மூன்று நிலைகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். திடப்பொருளில் துகள்கள் நெருங்கி நின்று, தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன; ஆகவே அதற்கென ஒரு வடிவம் உண்டு. திரவத்தில் அவை நெருங்கியிருப்பினும் ஒன்றையொன்று கடந்து நகர்கின்றன. ஆகவே அது புகுந்த இடத்தின் வடிவை ஏற்கிறது. வாயுவில் அவை விலகி, கட்டின்றித் திரிகின்றன. இம்மூன்று நிலைகளும் அக்கோயிற் சுவரில் நாள்தோறும் சந்திக்கின்றன.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. காற்றில் திவலைகளாக வந்து படியும் அந்நீர், கல்லின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. வெயில் ஏறியதும் நீர் மட்டும் ஆவியாகி வெளியேறுகிறது. உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகிறது. வளரும் படிகம் இடம் வேண்டித் துளையின் சுவரை நெருக்குகிறது. இரவின் ஈரத்தில் அது கரைகிறது. மறுநாள் மீண்டும் படிகமாகிறது. இங்ஙனம் ஆண்டுக்கணக்கில் நிகழ, கல்லின் மணிகள் சிறிது சிறிதாக உதிர்கின்றன. கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களின் பாத்திகளில் உப்பை விளைவித்த அதே செயல், இங்கே சிற்பத்தை அழிக்கிறது.

இதற்குப் பரிகாரம் யாது? கரையில் பாறைகளை அடுக்கி அலையைத் தடுத்தனர். சவுக்கு மரங்களை வளர்த்துக் காற்றைத் தணித்தனர். கல்லுக்குள் ஏற்கெனவே புகுந்த உப்பை எடுக்கத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் கையாண்ட முறை எளியது. நீரில் ஊறிய காகிதக் கூழைச் சுவரில் அப்பினர். நீர் உட்சென்று உப்பைக் கரைத்தது. கூழின் மேற்புறத்தில் நீர் ஆவியாக ஆக, உள்ளிருந்த உப்புநீர் வெளிநோக்கி ஈர்க்கப்பட்டது. உப்பு கல்லில் தங்காமல் கூழில் தங்கியது. உலர்ந்த கூழை உரித்தெடுத்தபோது உப்பும் உடன் வந்தது. கேடு செய்த ஆவியாதலே மருந்தாகவும் பயன்பட்டது.

1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மாமல்லபுரத்தை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. ஆனால் கடற்காற்று ஓய்வதில்லை. எனவே காக்கும் பணிக்கும் ஓய்வில்லை. கோயிலைக் கட்டியவன் யார் என்பதை வரலாறு கூறும். அதை நாளைய தலைமுறைக்கு நிறுத்தி வைக்க, நீரும் உப்பும் நடந்துகொள்ளும் முறையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.