சாடிக்குள் இருந்த பூ

யப்பானிய நீர் ஐரிஸ் பூவின் பெயருக்குள் நமக்குத் தெரிந்த செடியொன்று இருக்கிறது. அங்கே அதை ‘ஹனாஷோபு’ என்பார்கள். ‘ஹனா’ என்றால் பூ, ‘ஷோபு’ என்றால் வசம்பு. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். இலை ஒத்திருப்பதால் வந்த பெயர் இது. நாம் குழந்தையின் கையில் வசம்பு கட்டுகிறோம். யப்பானியர் மே 5ஆம் திகதி, சிறுவர் நாளன்று, குளிக்கும் வெந்நீரில் வசம்பிலையைப் போடுகிறார்கள். தீங்கு அண்டக்கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஈரப் புல்வெளிகளில் தானாக வளர்ந்த இந்த ஐரிஸை எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், வாழ்நாள் முழுதும் வளர்த்துப் புதிய வகைகளை உருவாக்கியவர் மட்சுடைரா சடாதோமோ (1773–1856). ‘ஐரிஸ் கிழவர்’ என்ற பொருளில் தன்னை ‘ஷோ-ஓ’ என்று அழைத்துக்கொண்டார். 1833 அளவில் அவருடைய செடிகள் தெற்கே ஹிகோ நாட்டின் பிரபு ஹொசொகாவா நரிமோரியிடம் போய்ச் சேர்ந்தன. ஹிகோ என்பது இன்றைய குமமோட்டோ.

எடோவில் இந்தப் பூ தோட்டத்துக்குரியது, நடந்துகொண்டே பார்ப்பார்கள். ஹிகோவின் சாமுராய்கள் அதைச் சாடியில் வளர்த்து, பூக்கும் நாளில் வீட்டுக்குள் கொண்டுவந்து, பொன்னிறத் திரையின் முன் வைத்து, அமர்ந்து பார்த்தார்கள். அருகிருந்து பார்ப்பதற்கென்றே பெரிய, அகன்ற இதழுள்ள பூக்களைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களுடைய சங்கம் கடுமையான விதியொன்றையும் வைத்திருந்தது: செடியோ விதையோ வெளியாருக்குப் போகக்கூடாது.

தாய்ஷோ காலத்தில் (1912–1926) அந்த விதியை மீறியவர் நிஷிடா நொபுட்சுனே. சங்கத்தைச் சேர்ந்த அவர் யொகோஹாமாவுக்குக் குடிபெயர்ந்து, ஹிகோ வகைகளை வெளியாருக்கு விற்றார். சங்கத்துக்கு அது துரோகம். ஆனால் குமமோட்டோவுக்கு வெளியே ஹிகோ ஐரிஸ் பரவியதற்கு அவரே முக்கிய காரணம்.

யார் பக்கம் நியாயம்? விதி இல்லாதிருந்தால் அந்தப் பூ அப்படியொரு தனி வடிவம் எடுத்திருக்காது என்று நினைக்கிறேன். விதியை யாரும் மீறாதிருந்தால் என்னைப் போன்றவர்கள் அதைக் கண்டிருக்கவும் மாட்டோம். புலம்பெயர்ந்த நாட்டில் மொழியையும் வழக்கத்தையும் பொத்திக் காக்கும் நமக்கு இது பழகிய வழக்குத்தான்.

என் பல்கனியில் இரண்டு சாடிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு இல்லாத புளிப்பு மண் வேண்டும். பூக்கும்வரை சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம். குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ‘நீர் ஐரிஸ்’ என்ற பெயரை நம்பி ஆண்டு முழுவதும் நீரில் விடக்கூடாது. பூத்து முடிந்ததும் செடியை வெளியே எடுத்து, பழைய மண்ணை உதறி, கிழங்கைப் பிரித்துப் புதுமண்ணில் நடவேண்டும். இதை ஆண்டுதோறும் செய்யாவிட்டால் சாடிச் செடி நலிந்துபோகும்.

பிரிக்கும்போது ஒரு செடி பலவாகிவிடுகிறது. இரண்டு சாடிக்கு மேல் எனக்கு இடமில்லை. மிச்சத்தை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.