ஆம்பல் இலைக்கடியில் வரால்: ஒரு தூண்டிலின் வரலாறு

கர்க்கடக மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலை, வெள்ளாயணிக் காயலின் கரையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தூண்டில் வீசிக்கொண்டிருந்தனர். கையில் ஏழடி நீளக் கார்பன் ராட். அதன் மேல் கைப்பிடி அளவே உள்ள ரீல். நூலின் முனையில் ரப்பர்த் தவளை. அருகில் கிடந்த பெட்டியின் மீது வாய் பிளந்து துள்ளும் ஒரு மீனின் படம். அமெரிக்கப் பெருவாய் பாஸ். அந்த மீன் இக்காயலில் இல்லை. அவர்கள் தேடியது வராலை. பாஸுக்கென ஆக்கப்பட்ட கருவி வராலுக்கு இத்துணை இசைவாகப் பொருந்துவது எப்படி என்னும் வினாவே இப்பதிவுக்குத் தோற்றுவாய்.

விடையின் ஒரு பகுதி அகநானூற்றில் இருக்கிறது. மதுரை நக்கீரர் பாடிய 36ஆம் பாடல் தலையாலங்கானப் போரைக் குறிப்பதால் வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானது. போர்ச்செய்தியைத் தேடிச் செல்வோர் அதன் தொடக்க அடிகளை விரைந்து கடந்துவிடுகின்றனர். அங்கே, வரிகள் நிறைந்த ஒரு பெரிய ஆண் வரால் வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்குகிறது. பிறகு அது பாயும் பாய்ச்சலில் ஆம்பல் இலை கிழிகிறது, குவளை மலர் சிதைகிறது, வள்ளைக் கொடி குழம்புகிறது. தூண்டிலிட்டவன் இழுத்தும் வராமல், கயிறு பூட்டிய சினக்காளையைப் போல் காலைக் குளத்தைக் கலக்குகிறது. தூண்டிலிட்டவனை அப்பாடல் வேட்டுவன் என்றே சுட்டுகிறது. உள்ளுறை பற்றிய விவாதத்தை இங்கு ஒதுக்கிவைக்கிறேன். மீன்பிடிப்பவரின் கண்கொண்டு பார்த்தால், இது ஒரு துல்லியமான தொழிற்குறிப்பு. வரால் தூண்டிலில் அகப்படுவது கடினமன்று. அகப்பட்ட பின் நீர்த்தாவரத்தினூடே அதனை வெளிக்கொணர்வதே கடினம்.

அம்மாணவர்களின் கருவித் தேர்வு முழுவதும் இந்த ஒரே இடருக்கான மறுமொழி. கோல் விறைப்பானது, நுனி மட்டுமே வளையும். மெல்லிய கோலெனில் மீன் திரும்பி இலைத்தண்டுகளுக்குள் புகும்வரை அது வளைந்துகொண்டே இருக்கும். நூல் ஒற்றையிழை நைலான் அன்று, பின்னல் நூல். 40 அல்லது 50 பவுண்டு இழுவை தாங்குவது. நைலான் நீளும், இது நீளாது; தாமரைத் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். ரீலின் பற்சக்கர விகிதம் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும். மீன் கவ்விய முதற்கணத்திலேயே அதன் தலையை நீர்மட்டத்துக்குத் திருப்பிவிட வேண்டுமே. தவளையின் இரட்டை முள்ளோ முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருக்கும். இலைமேல் இழுத்தால் சிக்காது. மீன் கவ்வும்போது ரப்பர் உடல் அமுங்க, முள் வெளிப்படும். கவ்விய ஓசை கேட்டவுடன் வெட்டி இழுப்பவர் வெறுந்தவளையைத்தான் மீட்பார். நூலில் கனம் ஏறும்வரை ஓரிரு நொடி பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமைக்குத் தமக்கு ஒரு மாதம் பிடித்தது என்றார் அவர்களுள் இளையவர்.

பாஸும் வராலும் உறவுமுறையில் மிகத் தொலைவானவை. வாழ்முறை மட்டும் ஒன்று: ஆழமற்ற நீர், அடர்ந்த செடி, பதுங்கியிருந்து பாயும் வேட்டை. கருவி மீனின் குலத்தை நோக்கி உருவாவதில்லை, அதன் இருப்பிடத்தை நோக்கியே உருவாகிறது.

அக்கருவியின் வரலாறும் நாம் எண்ணுவது போல் முற்றிலும் மேலைநாட்டுக் கதையன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில், துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் ஃபிலிப் மூங்கிலைப் பிளந்து ஒட்டித் தூண்டிற்கோல் ஆக்கினார். அக்காலத்து அமெரிக்கக் கோல்களுக்கு ஆன மூங்கில் இந்தியாவிலிருந்து சென்றது; 'கல்கத்தா மூங்கில்' என்பது அதன் வணிகப்பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து டொங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும், 1970களில் கார்பனும் வந்தன. பற்சக்கர ரீல் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரத் தொழிலாளர்களின் கைவண்ணம். 1810க்கும் 1820க்கும் இடையில் ஜார்ஜ் ஸ்னைடர் செய்தது முன்னோடியெனக் கருதப்படுகிறது. இன்று தொடக்கநிலையாளர் பெரும்பாலும் வாங்கும் நிலைச்சுருள் ரீல், பிராட்ஃபோர்டு கம்பளி ஆலை முதலாளி ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்றது; ஆலையின் நூற்கதிரே அதற்கு முன்மாதிரி. தவளையின் கதை எளியது. 1890களின் இறுதியில் மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் தவளை செதுக்கினார். நம் ஊர்களிலோ நீண்ட மூங்கில் நுனியிலிருந்து உயிர்த்தவளையை நீர்மேல் தத்தவிட்டு வரால் பிடிக்கும் வழக்கம் உண்டு. பொய்யிரை புதியதாக இருக்கலாம். அது போலச்செய்யும் மெய்யிரை நமக்குப் பழையது.

குடியேற்றக் காலத்து எழுத்து இதனைப் பெரிதும் கவனிக்கவில்லை. சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர் ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் அச்சிட்ட 'தி ராட் இன் இந்தியா' இந்தியத் தூண்டில் இலக்கியத்தின் மூலநூல் எனத்தக்கது. அதன் நாயகன் மலையாற்று மஹ்சீர். ஓடும் தெளிநீர் மீனே ஆங்கிலேயருக்கு வீரவிளையாட்டு. சேற்றுக்குள வரால் இரண்டாம் தரம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மீன்குஞ்சுகளின் அழிவைக் குறித்து அக்காலத்திலேயே வலியுறுத்தியவர் தாமஸ். வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

வராலை அறிவியல் நோக்கில் பார்த்தவர் படைமருத்துவர் பிரான்சிஸ் டே. 1865இல் கொச்சிப் பகுதியிற் கிடைத்த ஒரு சிறு குஞ்சைக் கொண்டு அவர் ஒரு வரால் இனத்தை விவரித்தார். பின்வந்தோர் அதனைத் தென்கிழக்காசியப் பெருவராலோடு ஒன்றாகக் கருதிவிட்டனர். 146 ஆண்டுகள் கழித்து, 2011இல், மரபணுச் சான்றோடு அது தனியினம் என நிறுவப்பட்டது. மலையாளத்தில் புலிவாக. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆறுகளுக்கே உரிய அம்மீன், தூண்டில்காரர் பெரிதும் விரும்பும் மீன்களுள் ஒன்று. அதன் பெயரையே நாம் தொலைத்திருந்த காலத்தில் எத்தனை புலிவாகைகள் 'பெரிய வரால்' என நிறுக்கப்பட்டனவோ!

இனி, காலையில் கண்டதற்குத் திரும்புகிறேன். கரையோரம் செந்நிறக் குஞ்சுத் திரள் ஒன்று நீர்மட்டத்தில் கொப்பளித்து மறைந்தது. வரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். குஞ்சுகள் மூச்சுக்காக அடிக்கடி மேலே வரும். அடியில் தாயோ தந்தையோ காவல் நிற்கும். அத்திரளின் நடுவே தவளையை எறிந்தால் பசியில்லாத வராலும் பாயும். அது இரைகொள்வதன்று, பகை விரட்டுவது. அந்த மீன் கரையேறினால், சற்று நேரத்தில் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரை. ஒரு மீனைப் பிடித்ததாகத்தான் கணக்கு. போனது ஒரு தலைமுறை. பாஸ் மீனிலும் தந்தையே கூட்டைக் காக்கிறது. அதுபற்றி இல்லினாயில் நீண்டகாலம் நடந்த ஆய்வு, தூண்டிலில் எளிதில் சிக்கும் இயல்பு மரபுவழி இறங்குவது என 2009இல் காட்டியது. அவ்வியல்புள்ள ஆண்களே காவலிலும் முனைப்பானவை என்பது 2012இல் தெரியவந்தது. நாம் தேர்ந்தெடுத்து அகற்றுவது நல்ல தந்தையரை.

கேரளத்தில் 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தையொட்டி, மழைதொடங்கும் காலத்து 'ஊத்த' பிடிப்பு தடைசெய்யப்பட்டுள்ளது. அப்பேச்சில் வலையும் கூடும்தான் அடிபடுகின்றன. ராட் வைத்திருப்பவர் தம்மை அதற்குள் சேர்த்துக்கொள்வதில்லை. கருவி வந்தது, பாஸ் நாட்டினர் சிலவிடங்களில் முட்டையிடும் பருவத்துக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு உடன் வரவில்லை. (மீனையும் கொண்டுவரலாமே எனக் கேட்போருக்கு: ஜப்பான் 1925இல் ஆஷி ஏரியில் பாஸை விட்டது, 2005இல் அதனை அயல் ஊடுருவியெனச் சட்டமிட்டுத் தடுக்க நேர்ந்தது. நம் ஆறுகளில் 2018 வெள்ளத்துக்குப் பின் அரபைமா பிடிபட்டதையும் நினைவிற்கொள்க.)

மாணவர்களுள் மூத்தவர் செந்திரளைக் கண்டதும் ரீலைச் சுற்றி முடித்தார். "அது குஞ்சுக்காரி, விட்டுடு" என்றார் இளையவரிடம். இருவரும் மதகுப் பக்கம் நகர்ந்தனர். அவர் அதனை எந்த நூலிலும் படித்தவரல்லர். பாட்டனாரிடம் கேட்டது என்றார். அப்பாட்டனார் தவளைத் தூண்டிலுக்கு ஒரு தனிப்பெயர் வைத்திருந்தாராம். பேரனுக்கு அது நினைவில் இல்லை. நாகர்கோவில், நெய்யாற்றின்கரை, செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் தத்தம் ஊரில் அதற்கு வழங்கும் பெயரை எழுதினால் தொகுத்துவைப்பேன்.